கேளுங்கள் சொல்கிறேன்: கூட ஆட ஆள் வேண்டுமா, கம்ப்யூட்டர் போதுமா?

இந்த மாதம் பிரிண்டர், வைரஸ், மறந்துபோன பாஸ்வேர்டு பற்றிய கடிதங்களை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டேன். ஆன்லைன் ஆட்டம் பற்றியே அத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள். "குமுளியில் சர்வீஸ் கடை வைத்திருப்பவருக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று ஆசிரியர் இழுத்தார். கடைக்கு வரும் லேப்டாப்பில் பாதி, ராத்திரி முழுக்க ஆட்டம் ஆடிச் சூடேறி வந்ததுதான் சார் என்றேன். அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

கேள்வி: வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ராத்திரி வேலை. காய் உலரும்வரை விழித்திருக்க வேண்டும். பழைய லேப்டாப்பில் கில்ட் வார்ஸ் என்ற ஆன்லைன் ஆட்டம் ஆடுகிறேன். என் பார்ட்டியில் (சேர்ந்து சண்டைக்குப் போகும் கூட்டம்) நான் ஒருவன்தான் மனிதன், மற்ற ஏழும் கம்ப்யூட்டர் ஆட்கள். கம்பத்தில் இருக்கும் என் கூட்டாளிகள், "மனுஷனே இல்லாம ஆடுறதுக்கு எதுக்குடா ஆன்லைன்?" என்று ஓட்டுகிறார்கள். இது ஆட்டமா, இல்லையா?
(வாசகர், வண்டன்மேடு)

பதில்: ஆட்டம்தான் தம்பி. உங்கள் கூட்டாளிகளின் கேள்விக்கு அந்த ஆட்டத்தைச் செய்தவர்களே எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். 2005-ல் கில்ட் வார்ஸ் வந்தபோதே, ஆள் சேராதவர்கள் அழைத்துப்போக ஊருக்கு ஊர் 'ஹென்ச்மேன்' என்று கம்ப்யூட்டர் ஆட்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர்களுக்கு நாம் எதையும் சொல்லித்தர முடியாது. எப்படி வருகிறார்களோ அப்படியே கூட்டிப்போக வேண்டியதுதான். 2006 அக்டோபரில் வந்த நைட்ஃபால் பாகத்தில் 'ஹீரோ' வந்தான். அவனுக்கு எட்டு ஸ்கில்லையும் (சண்டை வித்தை) நீங்களே பொறுக்கி எடுத்துக் கொடுக்கலாம், ஆயுதம் மாட்டலாம், பாய்ந்து அடிக்கவோ ஒதுங்கி நிற்கவோ சொல்லலாம், தரையில் கொடி நட்டு "இங்கேயே நில்" என்று நிறுத்தலாம். ஆனால் ஒருவருக்கு மூன்று ஹீரோ என்று கணக்கு. மிச்ச இடத்துக்கு ஹென்ச்மேன், இல்லாவிட்டால் தன் மூன்று ஹீரோவோடு வரும் இன்னொரு மனிதர். 2011 மார்ச்சில் அந்தக் கணக்கையும் எடுத்துவிட்டு ஏழு ஹீரோவுக்கு அனுமதி கொடுத்தார்கள். உங்கள் ஏழு பேர் அப்படி வந்தவர்கள்.

உங்கள் வேலைக்கு இவர்களைவிடப் பொருத்தமான கூட்டாளிகள் கிடைக்க மாட்டார்கள். ஸ்டோரில் சூடு ஐம்பது டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். எகிறினால் காயின் பச்சை போகும். அப்புறம் புற்றடியிலோ போடியிலோ ஏலத்தில் விலை இறங்கும், முதலாளி உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். சூடு பார்க்க, தட்டைக் கிளறிவிட என்று எழுந்துகொண்டே இருக்க வேண்டிய வேலை. நாலு மனிதர் காத்திருக்கும் பார்ட்டியில் "காய் பார்த்துட்டு வரேன்" என்று இரண்டாவது தடவை சொன்னால் கழற்றி விட்டுவிடுவார்கள். அதில் தப்பும் இல்லை, அவர்களும் தூக்கத்தை விட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஹீரோக்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. கொடியை நட்டுவிட்டுப் போங்கள், வரும்வரை நிற்பார்கள். எதிரி ரோந்து வரும் வழியில் மட்டும் நடாதீர்கள்.

இன்னொரு லாபத்தை உங்கள் கூட்டாளிகள் யோசித்திருக்க மாட்டார்கள். நம் மலையில் லைன் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். என் கடையின் முன்பக்கம் நின்றால் தமிழ்நாட்டு டவர், பின்பக்கம் போனால் கேரளா டவர், நடுவில் நின்றால் இரண்டும் இல்லை. லைன் நன்றாக இருந்தாலும் தூரம் என்று ஒன்று இருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஐரோப்பாவில் இருக்கும் சர்வருக்கு இங்கிருந்து நேர்க்கோட்டிலேயே ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். போய்த் திரும்ப மட்டும் 75 மில்லிநொடி ஆகும். கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, கடலடியில் சுற்றி, வழியில் பல இடம் நின்று போகிறது. அதனால் கைக்கு வரும்போது அது இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். எதிரி மந்திரம் ஓத ஆரம்பித்ததை நீங்கள் பார்த்து, பட்டனை அழுத்தி, அது சர்வருக்குப் போய்ச் சேர்வதற்குள், சின்ன மந்திரம் என்றால் அவன் ஓதி முடித்திருப்பான். ஹீரோவின் மூளையோ சர்வரிலேயே இருக்கிறது. அவனுக்கு லேக், அதாவது இந்தத் தாமதம், கிடையாது. ஒரு மெஸ்மர் (எதிரியின் மந்திரத்தைக் கெடுக்கும் வகை மந்திரவாதி) ஹீரோவுக்கு மந்திரத்தை இடைமறிக்கும் ஸ்கில்களை ஏற்றிவிட்டுப் பாருங்கள், வண்டன்மேட்டில் உட்கார்ந்திருக்கும் எந்த மனிதனும் தொட முடியாத வேகத்தில் வெட்டுவான்.

அவனுக்கு வராதது வேறு. செத்தவனை எழுப்பும் ஸ்கில் கையில் இருந்தால், அடி மழை மாதிரி விழும் இடத்துக்கே போய் நின்று எழுப்பப் பார்ப்பான். 'செத்தவன் இருக்கிறான், ஸ்கில் தயார்' என்ற இரண்டும் பொருந்திவிட்டால் அவனுக்குப் போதும். இன்னும் அஞ்சு நொடியில் சண்டை ஓய்ந்துவிடும், அப்புறம் எழுப்பலாம் என்று காத்திருக்கத் தெரியாது. இந்த மாதிரி ஆட்களின் புத்தி பெரும்பாலும் ஒரு வரிசைப் பட்டியல்தான். மேலே இருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து, எது முதலில் பொருந்துகிறதோ அதைச் செய்வார்கள். இந்த நொடியில் இருப்பதைப் பார்ப்பார்கள், அடுத்து வரப்போவதைப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் ஏன் ஒரு மூலையில் சும்மா நிற்கிறீர்கள் என்று ஹீரோ கேட்க மாட்டான். மனிதன் கேட்பான், சில சமயம் கேட்காமலே புரிந்துகொண்டு எதிர் மூலைக்குப் போய் நிற்பான்.

'எதுக்கு ஆன்லைன்?' என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்துக்காரர்கள் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை ஆராய்ந்து 2006-ல் ஒரு கட்டுரை போட்டார்கள். லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்து ஆடுவதாகச் சொல்லப்படும் அந்த ஆட்டத்திலேயே பலர் பெரும்பாலான நேரம் தனியாகத்தான் ஆடுகிறார்கள். மற்றவர்கள் அவர்களுக்குச் சுற்றிலும் இருக்கும் கூட்டம், கண்ணில் பட்டால் போதும். திருவிழாவுக்குத் தனியாகப் போய் வருகிறவரைப் போல. உங்கள் கூட்டாளிகளும் அப்படித்தான் ஆடுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

லீவு நாளில் மட்டும் அவர்களில் ஒருவனை இழுத்து வாருங்கள். உங்களிடம் மூன்று ஹீரோ, அவனிடம் மூன்று. ஏழு ஹீரோவைவிட அது பலவீனமான பார்ட்டியாகக்கூட இருக்கலாம். ஆனால் அவன் உளறிக்கொண்டே தப்பான பக்கம் ஓடுவான் பாருங்கள், ஹீரோக்களோடு ஆடி அந்தக் கூத்து கிடைக்கவே கிடைக்காது.

கேள்வி: ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் ஆட்டத்தில் நான் ஹீலர், அடிபட்டவர்களைக் குணமாக்கும் ஆள். கம்ப்யூட்டர் துணைவர்களோடு டன்ஜன்களை (கூட்டமாகப் போய் எதிரிகளை முடிக்கும் குகை மாதிரி இடங்கள்) எல்லாம் முடித்தேன், ஒரு தடவைகூட யாரும் சாகவில்லை. தைரியமாக மனிதர்களோடு போனேன். முதல் ஐந்து நிமிடத்திலேயே டேங்க் (முன்னால் நின்று அடி தாங்குபவர்) செத்துவிட்டார், என்னைத் திட்டி எழுதிவிட்டு வெளியேறிவிட்டார். இனி கம்ப்யூட்டர் போதும் என்று தோன்றுகிறது. சரியா அண்ணா?
(கல்லூரி மாணவி, மறையூர்)

பதில்: திட்டியவருக்கு வேறு வேலை இல்லை, அதை விடுங்கள் தங்கச்சி. ஆனால் உங்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சொல்லித்தராத பாடத்தில் பரீட்சை வைத்துவிட்டார்கள்.

அந்த ஆட்டத்தில் 2019 ஜூலையில் வந்த ஷேடோபிரிங்கர்ஸ் பாகத்தில்தான் 'ட்ரஸ்ட்' என்ற பெயரில் கதை மாந்தர்களையே டன்ஜனுக்குக் கூட்டிப்போகும் வசதி வந்தது. 2022 ஏப்ரலில் 'ட்யூட்டி சப்போர்ட்' என்று முதல் பாகத்தின் கதை டன்ஜன்களுக்கும் அதைக் கொண்டுவந்தார்கள். கதையைப் பார்க்க வந்தவரை, ஆள் சேரவில்லை என்று வாசலில் நிறுத்தக் கூடாது என்பதுதான் நோக்கம். அதற்கு ஏற்ற மாதிரிதான் அந்த ஆட்களைச் செய்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் டேங்க் ஒரு கூட்டத்தை அடித்து முடித்துவிட்டுத்தான் அடுத்த கூட்டத்துக்குப் போவார். அடி விழப்போகும் இடத்தைக் காட்டித் தரையில் எந்த வட்டம் விழுந்தாலும் கூட இருப்பவர்கள் விலகிவிடுவார்கள். அடி படுபவரே குறைவு என்றால் ஹீலருக்கு என்ன வேலை?

மனித டேங்க் அப்படி இல்லை. சுவர் தடுக்கும்வரை ஓடுவார். இரண்டு மூன்று கூட்டத்தை ஒன்றாகச் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் மொத்தமாக அடிப்பதுதான் அங்கே வழக்கம், அப்போதுதான் நேரம் மிச்சம். ஒரே சமயத்தில் பத்துப் பேர் அவர் மேல் விழுவார்கள். அந்த நேரத்தில் எந்த மந்திரத்தை முன்கூட்டியே போட்டு வைப்பது, உடனே வேலை செய்யும் ஸ்கில்லை எப்போது எடுப்பது என்பதெல்லாம் உங்களுக்கு அதுவரை தேவையே பட்டிருக்காது. டேங்க் தன் தற்காப்பு ஸ்கில்களைப் போட்டாரா என்பது அடுத்த கேள்வி. செத்த டேங்குகளில் பலர் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். பழி மட்டும் எப்போதும் ஹீலருக்கு.

கம்ப்யூட்டர் துணைவர்களை விட்டுவிட வேண்டாம். புது டன்ஜன் என்றால் முதல் தடவை அவர்களோடு போங்கள். பாஸ் (பெரிய எதிரி) கை ஓங்கும்போது அவர்கள் எங்கே நகர்கிறார்கள் என்று பாருங்கள், அந்த இடம்தான் பத்திரமான இடம். எந்த வீடியோவும் அவ்வளவு தெளிவாகக் காட்டாது. அப்புறம் மனிதர்களோடு போகும்போது, உள்ளே நுழைந்ததுமே "ஹீலர் வேலைக்குப் புதுசு, மெதுவாகப் போங்கள்" என்று ஒரு வரி போடுங்கள். அந்த டன்ஜனே உங்களுக்கு முதல் தடவை என்றால், பார்ட்டியில் ஒரு புதியவர் இருக்கிறார் என்று ஆட்டமே எல்லாருக்கும் தெரிவிக்கும், மற்றவர்களுக்கு அதற்காகத் தனி போனஸும் உண்டு. அதனால் முறைப்பவர்கள் குறைவு. அப்படியும் ஒருவர் முறைத்தால் பிளாக் லிஸ்டில் போட்டுவிட்டு அடுத்த பார்ட்டிக்குப் போங்கள். எட்டுப் பேர் போகும் பெரிய சண்டைகளுக்குப் பெரும்பாலும் மனிதர்கள்தான் வேண்டும். அங்கே போக ஆசை இருந்தால் இப்போதே பழகத் தொடங்குவது நல்லது.

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதறேனுங்க. பையன் ஒன்பதாவது படிக்கிறான். ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு முகம் தெரியாத ஆளுங்ககூட மலையாளத்துல, இந்தியில எல்லாம் பேசி ஆடறான். கம்ப்யூட்டர்கூட மட்டும் ஆடுன்னு சொல்லலாமுங்களா?
(ஒரு தாய்)

பதில்: சொல்லலாம்ங்க அம்மா, கேட்பானா என்பது வேறு விஷயம். முழுக்கத் தடுப்பதைவிட வாசலைச் சின்னதாக்குவது நடக்கிற காரியம். ஆட்டத்தின் செட்டிங்ஸில் வாய்ஸ் என்று ஒரு பகுதி இருக்கும். அதை 'எல்லோரும்' என்பதிலிருந்து 'நண்பர்கள் மட்டும்' என்று மாற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவனையே மாற்றவையுங்கள். நண்பர் பட்டியலில் யார் யார் என்று ஒருதடவை வாசிக்கச் சொல்லுங்கள், பள்ளிக்கூடத்துப் பையன்களும் சித்தி மகனுமாக இருந்தால் கவலை பாதி குறையும்.

உண்மையான தொல்லை பேச்சில் இல்லை, அதற்குப் பிறகு வருவதில் இருக்கிறது. "உன் ஐடியை ஒரு நாள் குடு, பவர் ஏத்தித் தரேன்" என்று ஒருவன் கேட்பான். "பாதி விலைக்குக் காயின் தரேன், ஓடிபி சொல்லு" என்று இன்னொருவன் வருவான். உங்கள் போனுக்கு வரும் ஓடிபி உங்கள் வாயைத் தாண்டக் கூடாது, அவனிடம்கூட. கம்ப்யூட்டர் கூட்டாளி ஓடிபி கேட்க மாட்டான் என்பது அவன் பக்கம் இருக்கும் பெரிய நற்குணம்.

இன்னொன்றை அவனிடம் சொல்லாதீர்கள், மனசு உடைந்துவிடும். மொபைல் துப்பாக்கி ஆட்டங்களில் புதிதாகச் சேர்பவர்களுக்கு எதிரே வந்து விழுகிறவர்களில் நிறையப் பேர் பாட், அதாவது கம்ப்யூட்டர் ஆட்கள்தான். மனிதப் பெயரை வைத்துக்கொண்டு திரிவார்கள்.

கேள்வி: நகரியில் தறி ஓட்டுகிறோம். ஏஐ இப்போது மனிதன் மாதிரியே பேசுகிறதே, நாளைக்கு ஆட்டத்தில் மனிதக் கூட்டாளியே தேவைப்படாதா அண்ணா?
(வாசகர், நகரி)

பதில்: திறமை மட்டும் போதும் என்றால் அந்த நாள் வந்து போய்விட்டது. 2019 ஏப்ரலில் ஓபன் ஏஐ நிறுவனத்தின் ஐந்து பாட்கள் சேர்ந்து, டோட்டா 2 ஆட்டத்தில் உலக சாம்பியனாக இருந்த ஓஜி அணியைத் தோற்கடித்தன. பத்து மாதத்தில் 45,000 வருட ஆட்டத்தைத் தங்களுக்குள்ளேயே ஆடிப் பழகின பாட்கள் அவை. அதே மேடையில் பாட்களும் மனிதர்களும் ஒரே அணியில் கலந்தும் ஆடிக் காட்டினார்கள். டோட்டா நாம் பேசிவந்த மாதிரி ரோல்ப்ளே (ஒரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும்) ஆட்டம் இல்லைதான், ஆனாலும் இயந்திரத்தால் முடியும் என்பதற்கு அது போதும்.

அப்படியானால் நாம் ஆடும் ஆட்டங்களில் கூட்டாளி ஏன் இன்னும் மந்தமாக இருக்கிறான்? வேண்டுமென்றேதான். அவன் எல்லாவற்றையும் அடித்து முடித்துவிட்டால் நீங்கள் எதற்கு? மனிதனைக் கூட்டிப்போவதைவிட அவனைக் கூட்டிப்போவது லாபம் என்று ஆகிவிட்டால் யார் யாரைத் தேடுவார்கள்? அதனால் பெரும்பாலும் அவன் மனிதனைவிட ஒரு படி கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2024 ஜனவரியில் கம்ப்யூட்டர் துணைவர்களோடு டன்ஜன் போகும் வசதி வந்தபோதும் சாதாரண நிலை டன்ஜனுக்குத்தான் கொடுத்தார்கள், கடினமான நிலைக்கு இல்லை.

நேர்மாறான கதையும் உண்டு. ஃபைனல் ஃபேன்டஸி 11 என்பது 2002-ல் வந்த ஆட்டம். அப்போதெல்லாம் ஆள் சேராமல் அங்கே பெரிதாக எதுவும் நடக்காது. வருடம் போகப் போக ஆட்கள் குறைந்து, ஒரு ஹீலருக்காக மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும் நிலை. 2013 டிசம்பரில் கம்ப்யூட்டர் துணைவர்களை மந்திரம் போட்டு வரவழைக்கும் வசதியைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு புதிதாக வந்தவர்களாலும் ஒற்றை ஆளாகக் கதையை நகர்த்த முடிந்தது. அங்கே மனிதனின் இடத்தைக் கம்ப்யூட்டர் பிடுங்கவில்லை, அவர்கள் போன பிறகு மிஞ்சிய காலி இடத்தில்தான் வந்து நின்றது. பேசும் ஏஐ வந்தாலும் அது முதலில் போய் நிற்கப்போவது இந்த மாதிரிக் காலி இடங்களில்தான் என்பது என் எண்ணம்.

கேள்வி: கம்ப்யூட்டர் கூட்டாளிக்குக் கோபதாபம் உண்டா?
(வாசகர், பீர்மேடு)

பதில்: எழுதி வைத்த கோபம் உண்டு. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் 2021 ஜூனில் வந்த இரண்டு துணைவர்களில் பாஸ்டியன் என்பவருக்குத் திருட்டு ஆகாது, நீங்கள் ஒருவர் பையில் கைவிட்டால் உங்கள் மேல் இருக்கும் மதிப்பு குறையும். மிர்ரி என்ற பெண்ணுக்கு நீங்கள் வண்ணத்துப்பூச்சி பிடித்தால் பிடிக்காது. மீன்பிடி இரைக்குப் பூச்சி சேர்ப்பவர்கள் அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போய்ப் பிடித்துவிட்டு வருகிறார்கள்! மனிதக் கூட்டாளியிடம் இந்தத் தந்திரம் செல்லாது, எப்படியும் மோப்பம் பிடித்துவிடுவான்.

கேள்வி: கில்ட் வார்ஸில் ஹீரோக்களும் லூட்டில் (செத்த எதிரி போடும் பொருளில்) பங்கு எடுக்கிறார்களாமே? அநியாயம் இல்லையா?
(வாசகர், கூடலூர்)

பதில்: எடுக்கிறார்கள். அவர்கள் பங்குக்கு விழவேண்டிய பொருள் தரையில் விழாமலே போய்விடும், யாருக்கும் இல்லை. அநியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. பங்கே இல்லாமல் ஏழு பேர் உழைப்பார்கள் என்றால் மனிதர்களைச் சேர்ப்பவனுக்கு மட்டும் நஷ்டம் என்று ஆகிவிடும். பொருள்தான் குறி என்றால் தனியாகப் போய் அடிக்கத் தெரிந்தவர்கள் தனியாகத்தான் போகிறார்கள்.

கேள்வி: ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். மனிதனா, கம்ப்யூட்டரா?
(வாசகர், சித்தூர்)

பதில்: மனிதன். கரண்ட் இருந்தால்.

கேள்வி: தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப். 4 ஜிபி ராம். மாதச் சந்தா கட்ட வழியில்லை. துணைவர்களோடு ஆட எது ஓடும்?
(வாசகர், தேவிகுளம்)

பதில்: முதல் கேள்வியில் வந்த கில்ட் வார்ஸேதான். 2005-ல் இருந்த கம்ப்யூட்டர்களுக்குச் செய்தது, உங்கள் லேப்டாப்பில் தாராளமாக ஓடும். ஒருதடவை காசு கொடுத்து வாங்கினால் போதும், மாதச் சந்தா கிடையாது. வாங்கும்போது நைட்ஃபால் பாகம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஹீரோக்கள் அதில்தான் ஆரம்பம். ஆடுவதற்கு முன்னால் லேப்டாப் ஃபேனில் அடைந்திருக்கும் தூசியை ஊதிவிடுங்கள். தேவிகுளத்துக் குளிரை நம்பி மெத்தை மேல் வைத்து ஆடாதீர்கள், அடியில் காற்று போக வழி வேண்டும்.